கடலைத் தாண்டும் மைக்ரோவேவ் லிங்க் தடுமாறுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

கடலுக்கு மேலே போகும் மைக்ரோவேவ் லிங்க் (இரண்டு டவர்களில் எதிரெதிரே டிஷ் ஆண்டெனா வைத்து ரேடியோ அலையில் தகவல் அனுப்பும் இணைப்பு) தகராறு செய்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டிஷ் திரும்பிவிட்டது, கனெக்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது, ரேடியோ போய்விட்டது என்பவைதான். உடனே டவரில் ஏறுவார்கள். டிஷ்ஷை அசைத்துக்கொண்டிருக்கும்போதே காற்றின் நிலை தானாக மாறி சிக்னல் திரும்பிவிடும், சரி செய்துவிட்டோம் என்று இறங்குவார்கள், மறுநாள் மறுபடி விழும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: சரியாக இருந்த டிஷ்ஷை, அந்த நேரத்தில் வளைந்து வந்த அலைக்கு ஏற்றபடி திருப்பி இறுக்கிவிட்டு வருவது. காற்று பழைய நிலைக்கு வந்ததும் லிங்க் நிரந்தரமாகவே சில டெசிபெல் (சிக்னல் பலத்தின் அளவு, 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்) குறைந்து நிற்கும்.

அதனால் ஏறுவதற்கு முன்னால் வரைபடம் போடுங்கள். இரண்டு முனைகளிலும் வாங்கும் சிக்னலின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் நிமிடத்துக்கு ஒருமுறை, குறைந்தது பதினைந்து நாளுக்கு வேண்டும். ஏன் பதினைந்து என்றால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையில் கடல் மட்டத்தின் ஏற்றவற்றம் ஒரு முழுச் சுற்று போய் வந்துவிடும். பதினைந்து நிமிட சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம், பத்து நொடி வந்து போகிற 30 டெசிபெல் பள்ளம் அதில் தடமே இல்லாமல் கரைந்துவிடும். அதே வரைபடத்தில் ஏற்றவற்ற அட்டவணை, காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, ஈரப்பதம், கிடைத்தால் கடல் நீரின் வெப்பநிலை எல்லாவற்றையும் ஏற்றுங்கள். கோளாறு எதன் நேரத்தைப் பின்பற்றுகிறது, சூரியனையா, நிலவையா, காற்றையா, மழையையா, அல்லது எதையுமே இல்லையா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அறிகுறிக்குப் போகும் முன் கொஞ்சம் அடிப்படை

காற்றின் ஒளிவிலகல் எண் 1-ஐவிட எவ்வளவு கூடுதலோ அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் வருகிற எண்ணை 'என்' என்பார்கள். கடல் மட்டத்தில் அது பெரும்பாலும் 300-க்கும் 400-க்கும் இடையில் இருக்கும். அழுத்தம், வெப்பம், நீராவி மூன்றும் இதை மாற்றும் என்றாலும் கடலுக்கு மேலே ராஜா நீராவிதான். வெப்பமான இடங்களில் நீராவி அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே 'என்' ஏறக்குறைய 4 மாறும், வெப்பநிலை 1 டிகிரி மாறினால் 1 அல்லது 2 தான்.

வழக்கமான காற்றில் 'என்' கிலோமீட்டருக்குச் சுமார் 40 வீதம் குறைந்துகொண்டே போகும், அலை லேசாகக் கீழ்நோக்கி வளையும். பூமியின் ஆரத்தை மூன்றில் நான்கு மடங்காக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோமே, அந்த 'கே' மதிப்பு இங்கிருந்து வருவதுதான். இந்தக் குறைவு கிலோமீட்டருக்கு 157-ஐத் தாண்டினால் அலை பூமியின் வளைவைவிடக் கூடுதலாக வளைந்து ஒரு அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளும், அதுதான் டக்ட். மாறாக 'என்' உயரத்தோடு கூடினால் அலை மேல்நோக்கி வளைந்து, எதிர்முனையைத் தாண்டிப் போய்விடும்.

கடலில் என்ன விசேஷம் என்றால், நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று எப்போதும் நீராவியால் ஏறக்குறைய நிரம்பியிருக்கும், சில மீட்டர் மேலே போனால் ஈரப்பதம் சட்டென்று குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரும் காற்றும் 30 டிகிரி, மேலே ஈரப்பதம் 80 சதவீதம், அழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்தால் நீர்ப்பரப்பில் 'என்' சுமார் 428, மேலே சுமார் 396. பத்து இருபது மீட்டருக்குள் 30-க்கு மேல் இறக்கம், அதிலும் பெரும்பகுதி முதல் ஓரிரு மீட்டரிலேயே முடிந்துவிடும். கிலோமீட்டருக்கு 157 என்ற எல்லையெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம். இதைத்தான் ஆவியாதல் டக்ட் என்கிறோம், இது திறந்த கடலில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும், உயரம்தான் மாறும். உலகச் சராசரி சுமார் 13 மீட்டர், குளிர்ந்த வடகடல்களில் சில மீட்டர், வெப்பமண்டலக் கடல்களில் 30 மீட்டர் வரைகூடப் போகும்.

இரண்டு முனைகளில் ஒன்றில் மட்டும் சிக்னல் குறைவு

இதை முதலில் தள்ளிவிட்டு வருவோம். காற்று இரண்டு திசைக்கும் ஒன்றுதான். போகிற அலை 15 டெசிபெல் இழந்தால் வருகிற அலையும் அதே அளவு இழக்க வேண்டும். ஒரு திசை மட்டும் வாரக்கணக்கில் குறைந்தே கிடந்தால் அனுப்பும் பக்கத்து பவர் ஆம்ப்ளிஃபயர் அல்லது வாங்கும் பக்கத்து ரிசீவர் மேல் சந்தேகப்படுங்கள். இரண்டு திசையும் சம அளவில் குறைந்து, எவ்வளவு நல்ல வானிலையிலும் பழைய உச்சத்தை மறுபடி தொடவே இல்லை என்றால் டிஷ், கேபிள், உப்பேறிய கனெக்டர், பாதையில் புதிதாக முளைத்த கட்டடம் இவற்றில் ஒன்று. கடலோரத்தில் உப்பும் ஈரமும் கனெக்டருக்குள் போவது சர்வ சாதாரணம். பார்க்க வேண்டியது பள்ளத்தை அல்ல, உச்சத்தை.

டிஷ்ஷைத் திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால் மிதமான காற்று வீசுகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், காற்று நன்றாகக் கலந்திருக்கும்போதுதான் அலை திட்டமிட்ட பாதையில் வரும். திட்டக் கணக்கில் வரவேண்டிய அளவு என்ன என்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை, சந்தேகப்பட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. போகவும் வரவும் வெவ்வேறு அதிர்வெண் பயன்படுத்தும் ரேடியோக்களில் இரண்டுக்கும் நடுவே சில நூறு மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும், அதனால் பல பாதைகளில் வந்த அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் நேரம் இரண்டு திசைக்கும் வேறுபடும். ஒரு திசை விழுந்து எழுந்து, ஒரு மணி நேரம் கழித்து மற்றது விழுந்தால் அது ரேடியோக் கோளாறு இல்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

தினமும் விழுகிறது, ஆனால் விழும் நேரம் நகர்ந்துகொண்டே போகிறது

இன்று காலை பத்துக்கு விழுந்தது, நாளை பத்து ஐம்பதுக்கு, அதற்கு அடுத்த நாள் பதினொன்று நாற்பதுக்கு. பெரும்பாலான கரைகளில் இதே பள்ளம் ஒரே நாளில் சுமார் பன்னிரண்டரை மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை வரும். இப்படி இருந்தால் காற்றை விட்டுவிடுங்கள், இது ஏற்றவற்றம். கடல் மட்டம் நிலவின் நேரத்தில் ஓடுகிறது, நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

நடப்பது இதுதான். நேராக வரும் அலை ஒன்று, கடல் பரப்பில் பட்டுத் திரும்பி வரும் அலை இன்னொன்று. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் கடல் கண்ணாடி மாதிரி, பட்ட அலையை ஏறக்குறைய முழுசாகவே திருப்பி அனுப்பும், அதுவும் தலைகீழாக்கி. இரண்டு பாதைகளின் நீள வித்தியாசம் முழு அலைநீளங்களாக இருந்தால் ஒன்றையொன்று அழிக்கும், நடுவில் அரை அலைநீளம் இருந்தால் கூட்டிக்கொள்ளும். பிரதிபலிப்பு 0.9 என்றால் பள்ளம் 20 டெசிபெல், மேடு 5 முதல் 6 டெசிபெல்.

எண்களோடு பார்த்தால் இன்னும் புரியும். இரண்டு ஆண்டெனாக்களும் கடலிலிருந்து 50 மீட்டர், தூரம் 20 கிலோமீட்டர், 6 கிகாஹெர்ட்ஸ், அதாவது 5 சென்டிமீட்டர் அலைநீளம். பூமியின் வளைவு நடுவில் சுமார் 6 மீட்டர் சாப்பிட்டுவிடும், மிச்சம் பயன்படும் உயரம் 44 மீட்டர். இரண்டு உயரங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் பாதை வித்தியாசம் 19.4 சென்டிமீட்டர், ஏறக்குறைய 3.9 அலைநீளம். 4-க்கு மிக அருகில் இருக்கிறது, ஆகவே பள்ளம். இப்போது கடல் 2 மீட்டர் உயரட்டும், வித்தியாசம் 17.7 சென்டிமீட்டராகிவிடும், 3.5 அலைநீளம், சிக்னல் உச்சம். ரேடியோவில் எதையும் தொடவில்லை, கடல் வெறும் 2 மீட்டர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உறுதிசெய்ய ஒரு வழி, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும் இடைப்பட்ட நாட்களையும் ஒப்பிடுவது. முன்னதில் கடல் மட்டம் அதிகமாக ஏறி இறங்கும், பள்ளமும் மேடும் கூடுதலாகத் தெரியும். இன்னொன்று அலையடிப்பு. கடல் சொரசொரப்பானால் பிரதிபலிப்பு சிதறும், பள்ளம் குறையும். ஆனால் எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: மேலே சொன்ன உதாரணத்தில் அலை கடலை உரசும் கோணம் கால் டிகிரிதான், அந்தக் கோணத்தில் கடலலைகள் சுமார் 1.4 மீட்டர் உயரம் வரை எழுந்தாலும் ரேடியோவுக்கு அது மழமழப்பான பரப்புதான். கண்ணுக்குக் கொந்தளிப்பாகத் தெரிகிறதே என்று பிரதிபலிப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

தீர்வு என்று வரும்போது பவரைக் கூட்டுவதைத்தான் முதலில் செய்வார்கள். 20 டெசிபெல் பள்ளத்தில் 3 டெசிபெல் போடுவதால் எதுவும் நடக்காது. பெரிய டிஷ்ஷும் இங்கே பிரயோஜனமில்லை, 6 கிகாஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம் ஏறக்குறைய 3 டிகிரி, நேர் அலைக்கும் கடலில் பட்டு வரும் அலைக்கும் நடுவில் இருப்பதோ கால் டிகிரி, அவை இரண்டையும் இந்த டிஷ்ஷால் பிரித்துப் பார்க்கவே முடியாது. செங்குத்து துருவமுனைப்புக்கு, அதாவது அலையின் மின்புலம் மேலும் கீழுமாக ஆடும்படி, மாற்றினால் போதும் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். செங்குத்து அலையின் பிரதிபலிப்பு நன்றாகக் குறைவது சில டிகிரி கோணத்தில், கால் டிகிரியில் அது பெரிதாக உதவாது. கரைக்கு அருகே கப்பலோடு பேசும் குறுகிய தூர லிங்க்கில் வேண்டுமானால் பலன் தெரியும்.

உண்மையில் வேலை செய்வது, ஒரே டவரில் மேலும் கீழுமாக இரண்டு ஆண்டெனா வைப்பது. ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கும்படி இடைவெளி வேண்டும்: அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, எதிர்முனையின் பயன்படும் உயரத்தின் நான்கு மடங்கால் வகுங்கள், நம் உதாரணத்துக்கு 5.7 மீட்டர் வரும். வழக்கமாக 10 மீட்டர் வைப்போம் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்தே பள்ளத்தில் விழும் அபாயம் உண்டு, அதனால் கணக்கைத் தவிர்க்காதீர்கள். புதிதாகத் திட்டமிடுபவராக இருந்தால் ஒரு முனையை உயரத்திலும் மறுமுனையைத் தாழ்விலும் வையுங்கள். பிரதிபலிப்புப் புள்ளி தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வந்துவிடும், அங்கே கரை, மரங்கள், பாறை ஏதாவது அதை மறைக்கும்படி இடம் பார்க்கலாம். இது மலிவான வைத்தியம், ஆனால் டவர் நட்ட பிறகு செய்ய முடியாது.

காற்று அடங்கினால் சிக்னல் துள்ளுகிறது, ஆழமாக விழுந்து உடனே எழுகிறது

நொடிக்கணக்கில் 20, 30 டெசிபெல் பள்ளங்கள், நடுநடுவே வழக்கத்தைவிடக் கூடுதல் சிக்னல், ஏற்றவற்ற அட்டவணையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வெப்பமான, காற்றில்லாத நாட்களில்தான் வரும், பலத்த காற்று கிளம்பியதும் மாயமாகிவிடும். இது மேற்பரப்பு டக்ட், அதனால் வரும் பல பாதை மங்கல், அதாவது பல வழிகளில் வந்த அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் சிக்னல் விழுவது.

நிலத்தின் மேல் இது பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் வரும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். கடலில் அப்படி எதிர்பார்க்காதீர்கள், கடல் பகலில் அவ்வளவாகச் சூடாவதில்லை, அடுக்கைக் கலைக்கும் வேலை நடப்பதே இல்லை, பட்டப்பகலிலும் டக்ட் நிற்கும். நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று குளிர்ந்த ஈரக் கடற்காற்றின் மேல் படியும்போது அடியில் ஈரம் அதிகம், மேலே வறட்சி, அடியில் குளிர், மேலே சூடு என்று இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். கரையோரத்தில் பிற்பகல் கடற்காற்று உள்ளே நுழைகிற நேரம் முதல் முன்னிரவு வரை கவனியுங்கள். தொலைவில் போகும் கப்பல் கடலுக்கு மேலே மிதப்பது போலவோ தலைகீழாகவோ தெரிந்தால் சூடான காற்று மேலே படிந்திருக்கிறது என்று அர்த்தம். கானல் ஒளிக்கு வெப்பம் போதும், ரேடியோவுக்கு ஈரம்தான் முக்கியம் என்பதால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நல்ல தடயம்.

எவ்வளவு தடிமனான டக்ட் எந்த அதிர்வெண்ணைப் பிடிக்கும் என்பதற்கு ஒரு தோராயம் உண்டு. 100 மீட்டர் தடிமன் இருந்தால் சில நூறு மெகாஹெர்ட்ஸிலிருந்தே பிடிக்கும், 10 மீட்டர் மட்டும் என்றால் 10 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கும். ஒரே பாதையில் 2 கிகாஹெர்ட்ஸ் லிங்க் அமைதியாக இருக்க 11 கிகாஹெர்ட்ஸ் லிங்க் ஆடினால் தாழ்ந்த டக்ட், எல்லாமே சேர்ந்து ஆடினால் தடிமனானது என்று ஊகிக்கலாம்.

வானிலை பலூன் தரவு கிடைத்தால் 'என்'னோடு மீட்டருக்கு 0.157 வீதம் உயரத்தைக் கூட்டி வரைந்து பாருங்கள். கோடு உயரத்தோடு கூடிக்கொண்டே போனால் டக்ட் இல்லை, எங்கே பின்னோக்கி மடங்குகிறதோ அங்கே இருக்கிறது. பலூன்கள் வழக்கமாக நாளுக்கு இரண்டு தடவைதான் போகும், அடியிலுள்ள சில மீட்டர்களை அவை சரியாகக் காட்டாது, ஆகவே ஆவியாதல் டக்ட்டை அதில் தேட வேண்டாம்.

தீர்வு இங்கேயும் இரண்டு ஆண்டெனாதான். கூடவே தகவமைப்பு மாடுலேஷன் (சிக்னல் குறைந்தால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி) இருக்கும் ரேடியோ என்றால் அதைத் திறந்துவிடுங்கள், வேகம் குறைந்தாலும் இணைப்பு அறுந்துபோகாது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோப் பிரிவான ஐடியு-ஆர் அமைப்பின் பி.530 பரிந்துரையில் நீர்ப்பரப்பின் மேல் போகும் பாதைகளுக்கான மங்கல் கணக்கும் ஆண்டெனா இடைவெளிக் கணக்கும் இருக்கின்றன, 'என்' கணக்குக்கு பி.453.

சிக்னல் அளவு நன்றாகத்தான் இருக்கிறது, பிழை மட்டும் குவிகிறது

இந்த அறிகுறியில்தான் ஆட்கள் அதிகமாகக் குழம்புகிறார்கள், காரணம் இரண்டு இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, சேனலின், அதாவது லிங்க் பயன்படுத்தும் அதிர்வெண் பட்டையின், ஒரு ஓரத்தில் மட்டும் பள்ளம் விழுவது. டக்ட் வழியாகச் சுற்றி வரும் அலை நேர் அலையைவிட 5 நானோநொடி தாமதித்து வந்தால் 200 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும், 56 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குள் அதில் ஒன்று நுழைந்தால் போதும், மொத்த அளவு பெரிதாகக் குறையாது, உள்ளே வடிவம் சிதைந்துவிடும். ஏற்றவற்றப் பள்ளத்தில் இப்படி ஆகாது, அந்த உதாரணத்தில் தாமதம் 1 நானோநொடிகூட இல்லை, சேனல் முழுவதும் ஒரே சீராக இறங்கும். ஸ்பெக்ட்ரத்தைப் பார்க்க வசதி இருந்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். இல்லையென்றால் சேனல் அகலத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், பிழை சட்டென்று குறைந்தால் இதுவேதான்.

இரண்டாவது, வேறு எங்கிருந்தோ வரும் குறுக்கீடு. சாதாரண நாளில் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் நிலையம் டக்ட் வழியாக உள்ளே வந்துவிடும். சோதனை எளிது: எதிர்முனை டிரான்ஸ்மிட்டரைச் சில நொடிகள் அணையுங்கள், உங்கள் ரிசீவர் என்ன அளவு காட்டுகிறது என்று பாருங்கள். வெற்று இரைச்சல் அளவுக்கு இறங்கவில்லை என்றால் வேறொருவர் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு டக்ட் நேரத்திலும் ஒரு சாதாரண நேரத்திலும் இதைச் செய்து ஒப்பிடுங்கள். பிழை வருகிற நேரத்தில் செய்யாமல் மறுநாள் காலை சாவகாசமாகச் செய்தால் எதுவும் கிடைக்காது.

பவரைத் தானாகக் கூட்டும் வசதி இங்கே வினையாகலாம். பிழை வருகிறது என்று நீங்கள் கூட்ட, அதே டக்ட் வழியாக உங்கள் அலை அடுத்தவர் லிங்க்கில் போய் விழும், அவரும் கூட்டுவார். அதிர்வெண்ணை மாற்றுவதும், குறுக்கீடு வரும் திசையில் பக்கக் கதிர் (முதன்மைக் கற்றைக்கு வெளியே டிஷ் பிடிக்கும் சிக்னல்) குறைந்த டிஷ் வைப்பதும்தான் நிலையான வழி.

ஒரே அதிர்வெண்ணில் மாறி மாறிப் பேசும் மொபைல் நெட்வொர்க்குகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் நடுவில் விடும் சிறிய இடைவெளி, அண்டைத் தளங்களின் அலை வந்து அடங்கப் போதுமானது. எல்டிஇ-யில் (4ஜி) மிகக் குறுகிய அமைப்புகளில் ஒன்றில் அந்த இடைவெளி 2 குறியீட்டு (சிம்பல்) நேரம், தூரக் கணக்கில் சுமார் 43 கிலோமீட்டர். டக்ட் வந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள தளத்தின் அலை அந்த இடைவெளியைத் தாண்டி வாங்கும் நேரத்துக்குள் விழும். வாங்கும் காலத்தின் தொடக்கத்தில் இரைச்சல் உயர்ந்து போகப்போகக் குறைவதுதான் அடையாளம். இடைவெளியை அகலமாக்கினால் சரியாகும், கொஞ்சம் கொள்ளளவு போகும். மொபைல் நெட்வொர்க் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி-யின் 16-ஆம் வெளியீட்டில் இந்தத் தொலைதூரக் குறுக்கீட்டுக்கென்றே ஒரு ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

மெதுவாக இறங்கி, மணிக்கணக்கில் அப்படியே கிடக்கிறது

துள்ளல் இல்லை, இரண்டு திசையும் சேர்ந்து 10, 20 டெசிபெல் இறங்கி அப்படியே படுத்துவிடுகிறது, அநேகமாக மூடுபனி நேரம். எல்லோரும் பனியின் மேல் பழியைப் போடுவார்கள். 6, 7 கிகாஹெர்ட்ஸில் மூடுபனித் துளிகள் உறிஞ்சுவது பொருட்படுத்தவே தேவையில்லாத அளவு. உண்மையான காரணம், குளிர்ந்த கடலின் மேல் சூடான ஈரக்காற்று நகர்ந்து வந்திருக்கிறது, அடியில் குளிர்ந்து நீராவி பனித்துளிகளாக மாறிவிட்டது, மேலே ஈரம் கூடுதல். 'என்' உயரத்தோடு குறைவதற்குப் பதில் கூடுகிறது, அலை மேலே வளைகிறது, பூமி நடுவில் புடைத்துக்கொண்டு எழுந்தது போன்ற விளைவு.

40 கிலோமீட்டர் பாதைக்கு நடுவில் பூமியின் புடைப்பு சாதாரணமாக 23.5 மீட்டர். 'கே' மூன்றில் இரண்டாகக் குறைந்தால் அதுவே 47 மீட்டர். வழக்கமான 'கே'க்கு மட்டும் இடைவெளி பார்த்து நட்ட ஆண்டெனா என்றால் கடல் பாதையை மறித்துவிடும். இங்கே மேலும் கீழுமாக இரண்டு ஆண்டெனா வைப்பதில் பெரிய பயனில்லை, கீழே இருப்பது இன்னும் மோசமாகத்தான் இருக்கும். உயரத்தைக் கூட்டுவது, பாதையைச் சுருக்குவது, அல்லது தாழ்ந்த அதிர்வெண்ணுக்குப் போவது, இவைதான் வழி. உயரத்தைக் கூட்டும்போது பிரதிபலிப்புக் கணக்கு மாறும், அதையும் திரும்பப் போடுங்கள்.

மழையோடு விழுகிறது

10 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் மழையைச் சந்தேகிக்கும் முன் டிஷ் மூடியில் தண்ணீர் தேங்குகிறதா, கேபிளுக்குள் போகிறதா என்று பாருங்கள், மழை நின்ற பிறகும் சிக்னல் திரும்பத் தாமதித்தால் அதுதான். 18, 23 கிகாஹெர்ட்ஸில் மழை இயல்பான காரணம், அது வேறு கணக்கு. ஒரு சின்ன ஆறுதல், கனமழை நேரத்தில் டக்ட் நிற்காது, இரண்டு தொல்லையும் ஒன்றாக வருவது அபூர்வம்.

தொடுவானத்துக்கு அப்பால் கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது இல்லை

கப்பலிலும் மிதவையிலும் இருக்கும் ஆண்டெனாக்களில் இது அடிக்கடி வரும். இரண்டும் நீரிலிருந்து 4 மீட்டர் என்றால் ரேடியோ தொடுவானம் 16.5 கிலோமீட்டர்தான்: இரண்டு உயரங்களின் வர்க்கமூலத்தைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் வரும். 10 கிகாஹெர்ட்ஸில் 50 கிலோமீட்டருக்கு மாதக்கணக்கில் நன்றாக ஓடியிருந்தால் அது ஆவியாதல் டக்ட் போட்ட பிச்சை. பருவம் மாறி, காற்றும் கடலும் ஒரே வெப்பநிலைக்கு வந்து ஈரம் நிரம்பிய காற்று வீசினால் டக்ட் ஒடுங்கும், இணைப்பு போகும். கோளாறு இப்போது வரவில்லை, முன்பு இருந்ததுதான் கூடுதல் வரவு.

இங்கே பழக்கத்துக்கு எதிரான ஒரு விஷயம் உண்டு. ஆண்டெனாவை உயர்த்தினால் நல்லது என்பது எப்போதும் சரியில்லை. 1945-இல் ஆண்டிகுவா தீவில் 3 மற்றும் 9 சென்டிமீட்டர் அலைகளை வைத்துச் செய்த சோதனைகளில், 3 சென்டிமீட்டர் அலை தாழ்வாக இருந்த ஆண்டெனாவில்தான் நன்றாகக் கிடைத்தது. டக்ட்டுக்குள் இருந்து டக்ட்டோடு பேசுகிறீர்கள், அதைத் தாண்டி மேலே போனால் அதன் பலன் குறைந்துவிடும். தொடுவானத்துக்குள் நம்பகமான இணைப்பு வேண்டுமென்றால் உயரே போங்கள், அப்பால் வேண்டும் என்றால் டக்ட்டுக்குள் இருங்கள், அது இல்லாத நாளுக்கு வேறு வழியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ முன்னோடி மார்கோனி 1932-இல் ரோமுக்கு அருகிலிருந்து சார்டினியா தீவுக்கு 57 சென்டிமீட்டர் அலையை எட்ட வைத்தபோதும் தூரம் சுமார் 270 கிலோமீட்டர், பார்வைத் தொடுவானத்தைவிட மிக அதிகம்.

ரேடாரில் இல்லாத இலக்கு தெரிகிறது, இருக்கும் இலக்கு தெரியவில்லை

திரையில் 20 கிலோமீட்டரில் கரை மாதிரி ஒன்று தெரிகிறது, வரைபடத்தில் அங்கே வெறும் கடல். டக்ட் நாளில் ரேடார் அனுப்பிய துடிப்பு வெகுதூரம் போய் மோதி, அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகு திரும்பி வருகிறது, ரேடார் அதைப் புதிய துடிப்பின் எதிரொலி என்று எண்ணி அருகில் வரைகிறது. துடிப்பு வீதத்தை மாற்றுங்கள். உண்மையான இலக்கு அதே இடத்தில் நிற்கும், பொய்யானது வேறு தூரத்துக்குத் தாவும். அது எவ்வளவு தூரத்திலிருந்து வரலாம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடாரில் சுமார் 2,700 கிலோமீட்டர் தள்ளியுள்ள அரேபியக் கரை தெரிந்தது.

கடலலைகளின் எதிரொலி வழக்கமாகச் சில கிலோமீட்டரில் அடங்கிவிடும், டக்ட் வந்தால் திரை பூராவும் பரவும். அதை அடக்க கெயினை (ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தால் சிறிய படகுகளும் சேர்ந்து மறையும், ஆகவே குறைத்த நேரத்தையும் அளவையும் எழுதி வையுங்கள்.

எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்தானது. நீர்மட்டத்தில் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள கப்பல் தெளிவாகத் தெரிகிறதே, ரேடார் இன்று பிரமாதமாக வேலை செய்கிறது என்று தோன்றும். டக்ட் ஏறக்குறைய ஒரு டிகிரிக்கும் குறைவான கோணத்தில் கிளம்பும் கதிர்களைத்தான் பிடித்துக்கொள்கிறது, அந்தக் கதிர்கள் போயிருக்க வேண்டிய இடம், அதாவது டக்ட்டுக்குச் சற்று மேலே, காலியாகிவிடும். அங்கே தாழப் பறந்து வரும் விமானம் வழக்கமான தூரத்தில் தெரியாமல் திடீரென்று அருகில் முளைக்கும். கப்பல்கள் வழக்கத்தைவிட வெகுதூரத்தில் தெரியும் நாளில் தாழப் பறப்பவற்றின் கண்டறியும் தூரத்தை முந்தைய நாட்களின் பதிவோடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் ரேடாரைப் பழுது பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை. வேறு உயரத்தில் இருக்கும் இன்னொரு ரேடாரையோ, விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (தன்னைத்தானே அடையாளம் சொல்லிப் பதில் அனுப்பும் கருவி) தகவலையோ சேர்த்துப் பாருங்கள். டிரான்ஸ்பாண்டர் பதில் சுமார் 1 கிகாஹெர்ட்ஸில் வருவதால் தாழ்ந்த ஆவியாதல் டக்ட் அதை அவ்வளவாகப் பாதிக்காது, தடிமனான மேற்பரப்பு டக்ட் என்றால் அதிலும் இதே ஓட்டை விழும்.